டேப் நுனியைப் பிடித்தவர்

என் இருபது வருட அரசு வேலையில் நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களில் ஒன்றே ஒன்றுதான் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. அதையும் நான் எழுதவில்லை, காப்பியடித்தேன்.

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் நான் உதவிப் பொறியாளர். ஒழுகும் கூரை, அடைத்த கழிப்பறை, உதிரும் சுண்ணாம்பு ஆகியவை என் இலாகா. என் கையிலிருந்த கட்டடங்களில் மூத்தது பூந்தமல்லியில் இருக்கிறது. எது என்று சொல்லமாட்டேன், ஓய்வுபெற எனக்கு இன்னும் பல வருடம் பாக்கி. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், அகலப் படிகள். உள்ளே மூன்று அலுவலகங்கள், ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. மழை வந்தால் மூன்றுக்கும் ஒழுகும். அந்த ஒரு விஷயத்தில் பாரபட்சம் இல்லை.

சுற்றிலும் இடுப்பளவு மதில் ஒன்று இருந்தது. அது இரண்டு இடத்தில் இடிந்து, அந்த இடைவெளி வழியாக ஊரே பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே நடந்து போகும். மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்த பிறகு ஆட்டோக்காரர்கள்கூட அந்த வழியை யோசித்துப் பார்த்தார்கள். ஒருவரும் பிழை சொன்னதில்லை.

ஒரு நாள் எங்கோ ஒருவனுக்குப் பொழுது போகவில்லை. குண்டு வைத்திருப்பதாக மெயில் அனுப்பிவிட்டான். போலீஸ் வந்தது, நாய் வந்தது. நாய் பழைய ரெக்கார்டு அறைக்குள் போய் நாலு முறை தும்மிவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது. குண்டு இல்லை. ஆனால் மிரட்டல் வந்தது வந்ததுதானே? புராதனக் கட்டடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி போட உடனே திட்டம் தயாரிக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. மெயிலில் வந்த மிரட்டலை இரும்பு வேலி எப்படித் தடுக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் என்னிடமே ஒரு அறிக்கை கேட்பார்கள்.

திட்டத்துக்கு முன்னால் ஆலோசனைக் கூட்டம். போலீஸ் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி, பழைமையைக் காக்கும் குழுவிலிருந்து ஒரு பெரியவர். அதிகாரி சொன்னார்: வேலி ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், நுனியில் ஈட்டி வேண்டும், பார்த்தாலே பயம் வர வேண்டும். பெரியவர் சொன்னார்: வேலி இருப்பதே தெரியக் கூடாது, சாலையிலிருந்து பார்த்தால் கட்டடம் நூறு வருடத்துக்கு முன் தெரிந்ததுபோலவே தெரிய வேண்டும். அதோடு விட்டாரா? மண்ணைத் தோண்டக் கூடாது, என்றைக்காவது எடுக்க நினைத்தால் சுவடில்லாமல் எடுக்க முடிய வேண்டும் என்றார். இருவரும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பயமுறுத்தும் வேலியை நான் எந்தக் கடையில் வாங்குவது?

மூன்று கூட்டம், முப்பது டீக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. ஈட்டி முனை வைத்த இரும்புச் சட்டங்கள், கட்டடத்தோடு கலந்துபோகச் செங்கல் நிறப் பெயின்ட். தோண்டக் கூடாது என்பதால் தரைமேல் கான்கிரீட் கட்டைகளை வைத்து அவற்றில் போல்ட் போட்டு நிறுத்துவது. நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்பேனரோடு வந்தால் பாதுகாப்பு வேலியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கூட்டம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

இனி அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேனைச் சொல்ல வேண்டும். நான் அங்கே போவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவர் அங்கே இருந்தார். நிரந்தர வேலை அல்ல. வருடத்துக்கு ஒரு முறை ஒரு ஃபைல் மேலே போகும், ஒரு கையெழுத்து விழும், அவர் இன்னும் ஒரு வருடம் வாட்ச்மேனாக இருப்பார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. காட்டுப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நானும் காட்டுப்பாக்கம்தான் என்பதால் எங்களுக்குள் ஊர்ப் பாசம் என்று ஒன்று உண்டு, தண்ணீர் லாரி வந்ததா என்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு. வீட்டில் மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, எழுந்து நடமாட முடியாது. இவர் சம்பாத்தியம்தான் அடுப்பு.

வாசலுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், ஒரு கருங்கல் உருளை கிடக்கும். எந்தக் காலத்திலோ சாலை போட மாடு பூட்டி இழுத்தது. இழுத்த மாடும் போய், ஓட்டிய ஆளும் போய், உருளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் அதன்மேல்தான் உட்காருவார். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

“அறுவது வரிக்கும் இந்த உருள மேல குந்திகினு ஓட்டிட்டா போதும் மேடம். அப்பால என் மருமவன் பாத்துப்பான். இப்ப உட்டா என்னிய எவன் சேத்துப்பான்? செக்யூரிட்டி கம்பெனில அம்பத்தஞ்சு தாண்டிச்சுன்னா வாசலாண்டயே நிக்க உட மாட்றான்.”

மூன்று வருடம். அவர் கேட்டது அவ்வளவுதான், அதையும் என்னிடம் கேட்கவில்லை, பொதுவாகச் சொன்னார்.

வேலிக்கு அளவெடுக்க ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். வேலை நாளில் அளந்தால் டேப்பைத் தாண்டி ஊர் நடந்துகொண்டே இருக்கும். டேப்பின் மறுநுனியைப் பிடிக்க வழக்கமாக வரும் ஆள் அன்றைக்கு வரவில்லை. வாட்ச்மேன் தானாக எழுந்து வந்து நுனியை வாங்கிக்கொண்டார். அளவெடுப்பதில் நுனியைப் பிடிப்பவர்தான் முக்கியம். இந்தப் பக்கம் எண்ணைப் படிப்பவர் எவ்வளவு படித்திருந்தாலும், அந்தப் பக்கம் பூஜ்யம் சரியான இடத்தில் இல்லையென்றால் எல்லாம் தப்பு. இதை நான் சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் குந்தி உட்கார்ந்து, கல்லின் விளிம்பில் மண்ணைத் துடைத்து, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, “வெச்சாச்சு மேடம்” என்று குரல் கொடுப்பார். நான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேலை. டேப் தொய்ந்தால் எனக்கே அதட்டல் வரும்.

“இன்னா மேடம், கொயந்தைக்கு அரணாக்கயிறு கட்ற மாறி புடிச்சுகினு கீறீங்க? நல்லா இயுங்க.”

இழுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் போனபோது, டீக்கடைக்காரரிடம் நாங்கள் அளந்தது இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்.

அளவு வந்தால் எஸ்டிமேட் போடலாம். எஸ்டிமேட்டோடு ஒரு அறிக்கை வைக்க வேண்டும்: இந்த வேலை எதற்கு, எப்படி, ஏன் அவசியம். எங்கள் அலுவலகத்தில் அறிக்கையை யாரும் எழுதுவதில்லை. சென்ற முறை போன அறிக்கையைக் கம்ப்யூட்டரில் திறந்து, இடத்தின் பெயரையும் நீளத்தையும் மாற்றுவோம். சென்ற முறையும் அப்படித்தான் செய்திருப்பார்கள். முதன்முதலில் எழுதியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்தது ஆவடிப் பக்கம் ஒரு காலி மனைக்குப் போட்ட வேலியின் அறிக்கை. ஏழு பத்தி. ஏழாவது பத்தி இது: “இவ்வேலி அமைக்கப்பட்டபின் தனியே காவல் ஏற்பாடு தேவைப்படாது என்பதால், இப்பணி அரசுக்குச் சிக்கனமானது எனத் தெரிவிக்கப்படுகிறது.”

அதை நான் படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், படித்தேன். சிக்கனத்தைப் பற்றி ஒரு பத்தி இல்லையென்றால், சிக்கனம் எங்கே என்று ஃபைல் திரும்பி வரும். அதற்காகவே அந்தப் பத்தி ஒவ்வொரு அறிக்கையிலும் வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். காலி மனையில் காவலும் இல்லை, காவல்காரனும் இல்லை, அந்த வாக்கியத்தால் யாருக்கும் சேதமில்லை. மேலே யாரும் ஏழாவது பத்திவரை படிப்பதும் இல்லை. இடத்தின் பெயரை மாற்றினேன், நீளத்தை மாற்றினேன், அனுப்பினேன்.

யாரோ படித்துவிட்டார்.

அனுமதி உத்தரவு வந்தது. வேலிக்கு ஒப்புதல், நிறத்துக்கு ஒப்புதல், கான்கிரீட் கட்டைக்கு ஒப்புதல். கடைசியில் ஒரு வரி: அறிக்கையின் ஏழாம் பத்தியில் தெரிவித்துள்ளபடி, வேலி முடிந்த நாளிலிருந்து காவல் ஏற்பாடு நிறுத்தப்பட வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நான் எடுத்து அடுத்தவர் மடியில் விட்டிருந்தேன்.

என் மேலதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனிதர், சட்டதிட்டம் தெரிந்தவர், இரண்டும் சேர்ந்திருப்பதால் அவரால் யாருக்கும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“ஒரு வரியை மட்டும் அடிக்க முடியாதும்மா. எஸ்டிமேட்டைத்தான் திருத்த முடியும். நீளம் மாறிச்சுன்னா திருத்தலாம். நீளம் மாறுதா?”

மாறவில்லை. மாறினால்தான் திருத்திய எஸ்டிமேட், அதோடு புது அறிக்கை, அதில் அந்தப் பத்தி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வழியும் இருந்தது: நான் யோசிக்காமல் காப்பியடித்தேன், தவறு என்னுடையது என்று நேராக எழுதிக் கொடுப்பது. பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம் அது. விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தால் என் பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிடும். அந்த வழியை நான் ஒரு ராத்திரி யோசித்தேன், காலையில் விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆக, நீளத்தை மாற்றினேன். பின்பக்க மூலையில் டேப்பின் நுனி எல்லைக் கல்லில் வைக்கப்படாமல், மூன்று மீட்டர் உள்ளே இருக்கும் பழைய தண்ணீர்த் தொட்டியின் மூலையில் வைக்கப்பட்டுவிட்டதால், இரு பக்கமும் சேர்த்து ஆறு மீட்டர் குறைவாக அளவிடப்பட்டுள்ளது என்று எழுதினேன். வைத்தவர் யார் என்று எழுதவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்காமல் ஒரு பொய்யை எழுதிவிட்டதாக எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது.

பத்து நாளில் கேள்வி வந்தது. அன்று டேப்பின் நுனியைப் பிடித்திருந்தவர் யார்? அவரிடம் எழுத்து மூலம் வாக்குமூலம் பெற்று இணைக்கவும்.

வாக்குமூலத்தை நானே டைப் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் உருளைமேல் உட்கார்ந்திருந்தார். முதலில் விஷயத்தைச் சொன்னேன், வேலி வந்தால் அவர் வேலை போகும் என்பதையும், அது என் அறிக்கையால்தான் என்பதையும். அவர் கோபப்படவில்லை. வேலி வந்தால் அந்த வேலியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு காகிதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ‘நான் கவனக்குறைவால் டேப்பின் நுனியை எல்லைக் கல்லில் வைக்காமல் தண்ணீர்த் தொட்டியின் மூலையில் வைத்துவிட்டேன்.’

“அன்னிக்கு நான் நுனிய கல்லு மேலதான மேடம் வெச்சேன்?”

“ஆமாண்ணா.”

“நீங்ககூட திரும்பிப் பாத்து தலையாட்னீங்க.”

“ஆமா.”

“அப்ப தொட்டி எங்கேர்ந்து வந்துச்சு?”

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் எஸ்டிமேட் திருத்தப்படும், அவர் வேலை நிலைக்கலாம், இது வெறும் காகிதம்தான், இதை வைத்து அவரை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று விளக்கினேன். எல்லாம் உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், ஆனால் பேனாவை வாங்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

போனேன். இந்த முறை அவர் மூலைக்கு மூலை ஆணி அடித்து வைத்திருந்தார். எல்லைக் கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் நுனியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, நடந்து வந்து கண்ணால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அரை மணியில் முடிய வேண்டியது ஒன்றரை மணி ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை, குறையவில்லை. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“பாத்தீங்களா? நூல் புடிச்ச மாறி கீது” என்றார். பிறகு உருளையில் போய் உட்கார்ந்தார். வீட்டிலிருக்கும் மனைவியை நினைத்தாரோ, மூன்று வருடத்தை எண்ணினாரோ, எனக்குத் தெரியாது. கையை நீட்டினார்.

“குடுங்க. எங்க போடணும்?”

காட்டினேன். எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, நான் மடித்து வைத்த காகிதத்தைத் திரும்ப வாங்கி வைத்துக் கொடுத்தார். பொய்யான வாக்குமூலமாக இருந்தாலும் புள்ளி இல்லாமல் போகக் கூடாது பாருங்கள்.

புது அறிக்கையை என் கையால் எழுதினேன், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக ஒவ்வொரு வார்த்தையும் சொந்தமாக. ஆறே பத்தி. ஏழாவதை எடுத்துவிட்டேன். நீளம் இருநூற்றுப் பதினெட்டு. அனுப்பிவிட்டு, எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு எலுமிச்சை மாலை வேண்டிக்கொண்டேன்.

மேல் அலுவலகத்தில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருக்கிறார். பொறுப்பானவர். ஒரு பூஜ்யம் விட்டுப்போனால்கூட ஃபோன் செய்து கேட்பார், அவரால் எங்கள் மானம் எத்தனையோ முறை தப்பியிருக்கிறது. என் திருத்திய அறிக்கை அவர் மேஜைக்குப் போயிற்று. பழைய அறிக்கையில் ஏழு பத்தி இருக்கிறது, புதியதில் ஆறுதான் இருக்கிறது. பாவம், அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று நினைத்தார். மேலிடத்துக்குத் தெரிந்தால் எனக்குத் திட்டு விழுமே என்று, ஏழாவது பத்தியை எடுத்து அவரே சேர்த்துவிட்டார். அன்றைக்கு என்று பார்த்து எனக்கு ஃபோன் செய்யவில்லை, என் லைன் பிஸியாக இருந்ததாம்.

திருத்திய உத்தரவு வந்தது. நீளம் இருநூற்றுப் பதினெட்டு. காவல் ஏற்பாடு நிறுத்தப்பட வேண்டும். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஃபோன் செய்து கத்தலாமென்று எண்ணைப் போட்டேன். அவரே எடுத்து, “விட்டுப்போனதைப் போட்டுட்டேன்மா, கவலைப்படாதீங்க” என்றார். நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேறு என்ன சொல்வது? இன்னொரு முறை திருத்த இன்னொரு மூலையில் இன்னொரு தொட்டி வேண்டும்.

வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னபோது, கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டார். இரண்டு முறை என் பேருக்கு டீ சொல்லியிருந்தார், நான் இரண்டையும் குடித்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரில் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியதால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வேலி எழுந்தது. செங்கல் நிறம் என்று சொல்லித் தக்காளி நிறத்தில் வந்து சேர்ந்தது. இடைவெளிகள் அடைபட்டதால் ஊர் மக்கள் முதல் ஒரு வாரம் வேலிவரை வந்து, என்னைத் திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்கள். பழக்கதோஷத்தில் ஒரு மாடு மட்டும் இன்றைக்கும் வந்து நின்று பார்க்கிறது.

ஒரு சிக்கல் வந்தது. எல்லை இருநூற்றுப் பன்னிரண்டுதான், வேலி இருநூற்றுப் பதினெட்டு. ஆறு மீட்டர் மிச்சம். அனுமதித்த நீளம் முழுதும் களத்தில் நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு, மிஞ்சியது என்று எழுதினால் ஏன் மிஞ்சியது என்ற கேள்வி வரும். கான்டிராக்டர் தலையைச் சொறிந்தார், நான் என் தலையைச் சொறிந்தேன். கடைசியில் அவரே ஓர் இடம் கண்டுபிடித்தார். வேப்பமரத்தடியில், பக்கத்துக்கு ஒன்றரை மீட்டராக, ஒரு சதுரம். கருங்கல் உருளையைச் சுற்றி நாலு பக்கமும் ஈட்டி முனையோடு வேலி. கதவுகூட இல்லை.

கடைசி நாள் மாலை அவர் தன் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பதினோரு சாவி. ஒப்படைத்ததற்கு ஒரு படிவம் உண்டு: கொடுத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. உள்ளே இருக்கும் மூன்று அலுவலகமும், வெளிவாசல் தங்கள் பொறுப்பல்ல என்று கைவிரித்துவிட்டன. புது வாட்ச்மேன் கிடையாது, ஏனென்றால் காவல் தேவையில்லை. அவர் படிவத்தையும் என்னையும் பார்த்தார்.

“யாராண்ட குடுக்கணும் மேடம்? வேலியாண்டயா?”

கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் படிவத்தை வாங்கி, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிலிருந்து வேலியின் கதவைக் காலையில் ஒன்பதரைக்கு நான் திறக்கிறேன், மாலை ஆறு மணிக்கு நான் பூட்டுகிறேன். லீவு எடுக்க வேண்டுமென்றால் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, எழுதிக் கேட்டிருக்கிறேன். என் கணவர், நீ இன்ஜினியருக்குப் படித்தாயா வாட்ச்மேனுக்குப் படித்தாயா என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்த வருடம் பட்டியலே வரவில்லை.

உருளையைச் சுற்றிய வேலிதான் இப்போது அங்கே பிரபலம். மனு கொடுக்க வருகிறவர்கள் கம்பி வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமையன்று பூ வைக்க ஆரம்பித்திருக்கிறார். பழைமையைக் காக்கும் குழுவின் பெரியவர் பார்வையிட வந்தபோது அதன்முன் வெகு நேரம் நின்றார். மொத்த வேலையிலும் சிந்தித்துச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று பாராட்டி, ஒரு கல்வெட்டு வைக்கச் சொன்னார். கல்வெட்டில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஃபைல் என் மேஜையில்தான் இருக்கிறது.

சென்ற மழையில் ரெக்கார்டு அறை ஒழுகியது. அதன் கதவில் அந்தக் காலத்துப் பூட்டு, புராதனப் பட்டியலில் இருப்பதால் உடைக்க முடியாது. பதினோரு சாவியையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளே போகிறது, சுற்றவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டுகள் நனைகின்றன. அவரைத் தேடிக்கொண்டு போனேன்.

ஐயப்பன்தாங்கலில், பஸ் டெப்போ தாண்டி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டு என்றால் பன்னிரண்டு மணி நேரம், அங்கே உட்காரக் கூடாதாம். மருமகன் அங்கே தண்ணீர் லாரி ஓட்டிவரும் பழக்கத்தில் பேசி வாங்கித் தந்த வேலை. நீலச் சட்டை, தொப்பி. தொப்பிக்குக் கீழே தலைமுடி கன்னங்கரேலென்று இருந்தது. எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. வயசு அம்பத்திரண்டுன்னு சொல்லிக்கீறேன், நீங்களும் அப்டியே வெச்சுக்குங்க என்று மெதுவாகச் சொன்னார்.

பூட்டின் ரகசியத்தைக் கேட்டேன். கதவைத் தோளால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியை முதலில் எதிர்ப்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றி, பிறகு இந்தப் பக்கம் திருப்ப வேண்டுமாம். கையால் காற்றில் இரண்டு முறை செய்து காட்டினார். என்னையும் செய்யச் சொல்லிப் பார்த்தார். முழங்கால்காரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். நான் வண்டியைத் திருப்பும்போது, மேடம் என்று கூப்பிட்டார்.

“அந்த நுனி... கல்லு மேலதான இருந்துச்சு?”

“கல்லு மேலதாண்ணா இருந்தது.”

“எனுக்குத் தெரியும். ஆனா எம்பேர்ல தப்புன்னு ஒரு காயிதம் அங்க கீது பாருங்க. அது நின்னுடும். நீங்க ஒரு காயிதம் எய்திக் குடுங்க மேடம். போதும்.”

வேலையைக் கேட்கவில்லை. உருளையைக் கேட்கவில்லை. நான் கைப்பையைத் திறந்தேன். அலுவலகக் காகிதம் இருந்தது, முத்திரைகூட இருந்தது. அதில் எழுதிக் கொடுத்தால் அது என் ஃபைலுக்கு எதிராக என் கையெழுத்து. பையை மூடினேன். இத்தனைக்குப் பிறகும் மூடினேன்.

அவர் பக்கத்தில் ஸ்டூல்மேல் வருகைப் பதிவேடு இருந்தது. அதை இழுத்தேன். பெயர் எழுதினேன். வீட்டு எண் என்ற இடத்தில் கோடு போட்டேன். ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில், இடம் போதாமல் அடுத்த இரண்டு வரிக்கும் போய், எழுதினேன்: ‘அளவெடுத்த இரண்டு முறையும் டேப்பின் நுனி எல்லைக் கல்லின் மேல்தான் இருந்தது. தவறு நுனியைப் பிடித்தவருடையது அல்ல, என்னுடையது.’ கீழே கையெழுத்து, பதவி. நான் முழு உண்மை எழுதிய ஒரே ஆவணம், அதுவும் அரசு சாராதது. நோட்டு நிரம்பினால் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அதில் எழுதினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“டைம் போடல மேடம்.”

போட்டேன்.